கரண்ட் பில் கோடு ரம்பப் பல் மாதிரி வருகிறது. அசோசியேஷன் கணக்குக்கு எந்த சார்ட் போடுவது?

பொருளாளர்அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் 24 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். முப்பது வருஷம் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவள் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். கணக்கை நோட்டில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். போன வருஷம் என் பையன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்து எக்செல் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். கூட்டல் கழித்தல் எல்லாம் நன்றாகவே வருகிறது. சார்ட்டில்தான் மாட்டிக்கொண்டேன்.

கார் பார்க்கிங்கில் நாற்காலி போட்டு ஆண்டுக் கூட்டம் நடந்தது. ஒருவர் வீட்டு டிவியைக் கீழே இறக்கி அதில் என் சார்ட்களைக் காட்டினேன். அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய கூட்டம் இரண்டரை மணி நேரம் இழுத்தது. சண்டைக்குக் காரணம் கணக்கு இல்லை, ஒரு ரூபாய்கூட இடிக்கவில்லை. படம்தான்.

முதல் படம், 2024-25 செலவு. மொத்தம் 6,98,000 ரூபாய், 14 தலைப்புகள். அழகாக இருக்கிறதே என்று முப்பரிமாண வட்டப் படம் போட்டேன். வாட்ச்மேன் சம்பளம் 1,68,000. பொது கரண்ட் 1,08,000. ஆனால் கரண்ட் துண்டு முன்பக்கமாக விழுந்ததில் அதுதான் பெரிதாகத் தெரிந்தது. "லிஃப்டை நிறுத்துங்கள்" என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாவது, போன வருஷத்தோடு ஒப்பீடு. 2023-24இல் 6,42,000, இந்த வருஷம் 6,98,000. இரண்டு தூண்கள். முதல் மாடிக்காரர் எழுந்து, "செலவு மூணு மடங்கு ஆகியிருக்கிறதே!" என்றார். பார்த்தால் படம் அப்படித்தான் இருக்கிறது.

மூன்றாவது, மாதவாரி கரண்ட் கோடு. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, அதனால் இடைப்பட்ட மாதங்களில் 0 என்று போட்டிருந்தேன். கோடு ஏறி இறங்கி ஏறி இறங்கி ரம்பம் மாதிரி ஆகிவிட்டது. "ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடியதா?" என்று ஒரு சின்னப் பையன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

நான்காவது தண்ணி லாரி. ஆகஸ்டில் 12,600 ரூபாய், மார்ச்சில் 14,700. "எங்கேயோ சம்ப் ஒழுகுகிறது, நீங்கள் கவனிக்கவில்லை" என்று என்மேல் பழி.

இது போக ஒரு மர்மம். லாரி லாரியாகத் தேதி போட்டு 71 வரிகள் கொண்ட பதிவேடு வைத்திருக்கிறேன். டிசம்பரில் எங்களுக்கு ஒரு லாரிகூட வரவில்லை, அது எனக்கு நிச்சயம். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியதில் கிணறு கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் டிசம்பர் என்று ஃபில்டர் போட்டால் 5, 7, 9 தேதிகளில் மூன்று லாரிகள் வருகின்றன! மாதக் கணக்கை நோட்டைப் பார்த்துத் தனியாக அடித்ததால் அது சரியாக இருக்கிறது. பதிவேட்டில்தான் பேய்.

எதற்கு எந்தப் படம் போடுவது, போட்ட படத்தை எப்படிப் படிப்பது? எனக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள். அடுத்த வாரம் திரும்பவும் கூட்டம்.

பிவட்பையன்:

அம்மா, அந்த டிசம்பர் பேயை மட்டும் நான் ஓட்டிவிடுகிறேன், மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

லேப்டாப் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று சொன்னீர்களே, அதுதான் விஷயம். அதில் தேதி அமைப்பு மாதம்-நாள்-வருஷம் என்று இருக்கும். நீங்கள் 12/07/2024 என்று ஜூலை 12ஐ அடித்தால் அது டிசம்பர் 7 என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் மூன்று பேய் லாரிகளும் மே 12, ஜூலை 12, செப்டம்பர் 12 அன்று வந்தவை. பில் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், பந்தயம் கட்டுகிறேன்.

இன்னொன்று. அதே பத்தியை மேலிருந்து கீழே பாருங்கள். சில தேதிகள் கட்டத்தின் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டியிருக்கும். 12ஆம் தேதிக்கு மேல் உள்ளதை அதனால் மாதமாகப் படிக்க முடியாது, அதனால் வெறும் எழுத்தாக இடப்பக்கம் தள்ளிவிடும். வலப்பக்கம் இருப்பவை தேதிகள்தான், ஆனால் பெரும்பாலும் தப்பான தேதிகள். ஏப்ரல் 4 மாதிரி நாளும் மாதமும் ஒன்றாக இருப்பது மட்டும் தப்பித்திருக்கும்.

விண்டோஸில் ரீஜன் என்ற இடத்தில் இந்தியா என்று மாற்றுங்கள். ஆனால் மாற்றிவிட்டால் பழையது தானாகத் திருந்தாது, டிசம்பர் 7 டிசம்பர் 7ஆகவேதான் இருக்கும். 71 வரிதானே, மாற்றியபின் திரும்ப அடித்துவிடுங்கள். ஃபார்முலா போட்டுத் திருப்பலாம், ஆனால் எது புரண்டது எது புரளவில்லை என்று பார்ப்பதற்குள் அடித்தே முடித்துவிடலாம்.

வட்டப் படத்துக்குப் பதில் படுக்கைப் பட்டைப் படம் போடுங்கள். தலைப்புகள் நீளமாக இருந்தாலும் படிக்கலாம். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். அடுக்கியும் படத்தில் தலைகீழாக வரும், பயப்படாதீர்கள், எக்செல் முதல் வரியைக் கீழேதான் வைக்கும். அச்சின் மேல், அதாவது ஓரத்தில் தலைப்புகள் நிற்கும் கோட்டின் மேல், வலது கிளிக் செய்து ஃபார்மட் ஆக்ஸிஸ் போய் "கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்" என்பதை டிக் செய்தால் சரியாகிவிடும்.

லாரிக் கணக்கையும் மழை அளவையும் ஒரே படத்தில் இடது அச்சு, வலது அச்சு என்று போட்டால் சூப்பராக இருக்கும். கூட்டத்தில் அசந்துவிடுவார்கள்.

பேரேட்டுக்காரர்:

மேடம், வணக்கம். நானும் உங்கள் ஜாதிதான், பேரேடு ஜாதி. ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தேன்.

முதலில் அந்த இரண்டு தூண்கள். தப்பு உங்களுடையது இல்லை, எக்செல்லுடையது. பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அது தானாகவே அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் நடுவில் எங்கேயாவது தொடங்கிவிடும். உங்கள் வித்தியாசம் 56,000, அதாவது 6,98,000இல் பன்னிரண்டில் ஒரு பங்குதான். உங்கள் படத்தில் அச்சின் அடியில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 6,10,000 என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் கண்ணில் படுவது 32,000 உயரமும் 88,000 உயரமும். மூணு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. முதல் மாடிக்காரர் படத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்! தூணின் நீளம்தான் அளவு என்று கண் நம்பும், அடியை வெட்டிவிட்டால் நீளம் பொய் சொல்லும். ஃபார்மட் ஆக்ஸிஸில் மினிமம் என்ற இடத்தில் 0 என்று அடியுங்கள். இரண்டு தூண்களும் கிட்டத்தட்ட ஒரே உயரமாக நிற்கும், உண்மையும் அதுதான், ஏற்றம் 8.7 சதவீதம். கோட்டுப் படத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அங்கே நாம் பார்ப்பது சாய்வை. என்னைக் கேட்டால் இரண்டே இரண்டு எண்ணுக்குப் படமே வேண்டாம், பெரிய எழுத்தில் எழுதிவிட்டால் போதும்.

அடுத்து ரம்பம். நீங்கள் போட்டது 0. அதற்கு அர்த்தம் "செலவு ஆகவில்லை" என்பது. நடந்ததோ "பில் வரவில்லை". நம் நோட்டில் அங்கே கோடு இழுத்துவிட்டுப் போவோம், எக்செல்லுக்கு அது தெரியாது. அந்த ஆறு கட்டங்களையும் டெலீட் அழுத்திக் காலியாக்குங்கள். ஃபார்முலா போட்டு வெற்றாகக் காட்டினால் செல்லாது, அதையும் பூஜ்யமாகத்தான் வரையும்.

கடைசியாக லாரி. ரூபாயில் வரைந்திருக்கிறீர்கள். ரூபாயில் லோடும் இருக்கிறது, விலையும் இருக்கிறது. ஆகஸ்டில் எத்தனை லோடு, மார்ச்சில் எத்தனை? விலை ஏறியதா? சம்ப் ஒழுகினால் லோடுதான் ஏறும். அதைச் சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.

பொருளாளர்அம்மா:

பிவட்பையன் தம்பி, பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். மே 12, ஜூலை 12, செப்டம்பர் 12. மூன்றுக்கும் பில் இருக்கிறது. பத்தியைப் பார்த்தேன், பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம், ரயில்வே பிளாட்பாரத்தில் நிற்கிற மாதிரி. இவ்வளவு நாளாக அது அழகுக்காக என்று நினைத்திருந்தேன்.

பேரேட்டுக்காரர் சார், அச்சின் அடியில் 6,10,000 என்றேதான் இருக்கிறது. பார்க்காமல் எப்படிச் சொன்னீர்கள்!

லோடு இதுதான்: ஏப்ரல் 9, மே 11, ஜூன் 12, ஜூலை 9, ஆகஸ்ட் 7, செப்டம்பர் 6, அக்டோபர் 3, நவம்பர் 1, டிசம்பர் 0, ஜனவரி 2, பிப்ரவரி 4, மார்ச் 7. டிசம்பர் வரை லோடு 1,800 ரூபாய். ஜனவரியிலிருந்து 2,100.

எழுதும்போதே புரிந்துவிட்டது. ஆகஸ்டும் 7, மார்ச்சும் 7. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. என்மேல் பழி போட்டவருக்கு இன்று பாயசம் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

ஆனால் கரண்டில் வேறு சிக்கல். நீங்கள் சொன்னபடி ஆறு பூஜ்யத்தையும் அழித்தேன். இப்போது கோடே இல்லை! வெறும் வெள்ளைக் கட்டம். அதே ஆர்வத்தில் லாரிப் பத்தியில் இருந்த டிசம்பர் 0ஐயும் அழித்துவிட்டேன்.

பேரேட்டுக்காரர்:

டிசம்பர் 0ஐ உடனே திரும்பப் போடுங்கள்! அது உண்மையான பூஜ்யம். லாரி வரவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்த தகவல், இந்த வருஷத்தின் நல்ல செய்தியே அதுதான். கரண்டில் இருந்தது வேறு வகை.

கோடு காணாமல் போனதற்குக் காரணம் இது. கோடு வரைய அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் வேண்டும். உங்களுக்கு ஒரு புள்ளி, ஒரு காலி, ஒரு புள்ளி, ஒரு காலி. எந்தப் புள்ளிக்கும் பக்கத்து வீடு இல்லை. சார்ட்டின் மேல் வலது கிளிக், செலக்ட் டேட்டா, கீழே மூலையில் ஹிட்டன் அண்ட் எம்ப்டி செல்ஸ் என்று ஒரு பொத்தான். அதில் இடைவெளி விடு, பூஜ்யமாக எடு, கோட்டால் இணை என்று மூன்று வழிகள். மூன்றாவதைப் போட்டால் கோடு வந்துவிடும்.

ஆனால் நான் அதைச் செய்ய மாட்டேன். கோட்டால் இணைத்தால் மே மாதத்தில் ஏதோ ஒரு தொகை இருப்பதுபோலத் தெரியும், அப்படி ஒன்று இல்லை. பில் ஆறுதானே? ஆறு தூண் போடுங்கள். அடியில் மாதப் பெயருக்குப் பதில் எந்த இரண்டு மாத உபயோகம் என்று எழுதுங்கள். ஜூன் பில் என்றால் அது ஜூனில் எரிந்த கரண்ட் இல்லை, அதற்கு முன்பே எரிந்தது. இதைக் கவனிக்காமல் ஜூன் கரண்டையும் ஜூன் லாரியையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் எல்லாமே ஒரு மாதம் நகர்ந்துவிடும்.

பக்கவடிவம்:

பத்திரிகையில் படங்கள் வரைகிற வேலை பார்க்கிறேன். பிவட்பையன் தம்பி சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்க வேண்டும். இரண்டு அச்சு வேண்டாம்மா.

வலது அச்சின் உச்ச எண்ணை நானாக மாற்றினால் மழைக் கோடு லாரிக் கோட்டைத் தொடும், வெட்டும், மேலே பறக்கும். எங்கே வெட்டவேண்டும் என்று சொல்லுங்கள், அங்கே வெட்ட வைக்கிறேன். பார்ப்பவர்கள் அந்த வெட்டுமிடத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள், அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. கூட்டத்தில் அசந்துபோவார்கள் என்பது உண்மை, அசந்துபோனவர் கேள்வி கேட்பார், பதில் உங்களிடம் இருக்காது. அதற்குப் பதில் மேலே மழை, கீழே லாரி என இரண்டு சின்னப் படங்கள். மாதங்கள் ஒன்றுக்கு நேர்கீழே ஒன்றாக வரட்டும். சென்னைக்கு வருஷத்தில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். மேல் படம் எழும் இடத்தில் கீழ்ப் படம் படுக்கும், வேறு விளக்கமே தேவையில்லை.

வட்டப் படத்தை நான் முழுக்க வெறுப்பவன் இல்லை. வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1801இல் போட்டுக்காட்டியது, 200 வருஷம் ஓடிவிட்டது. இரண்டு மூன்று துண்டுகள், "பாதிக்கு மேலா கீழா" என்ற கேள்வி என்றால் போடலாம். 14 துண்டுகளுக்கு அது ஆகாது. 1984இல் கிளீவ்லாண்ட், மெக்கில் என்ற இரண்டு புள்ளியியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அடிக்கோட்டிலிருந்து அளக்கும் நீளத்தைக் கண் நன்றாக மதிப்பிடுகிறது, கோணத்தில் அதைவிட அதிகமாகத் தவறுகிறது. முப்பரிமாணம் என்றால் கேட்கவே வேண்டாம், முன்னால் இருப்பது பெருக்கும், பின்னால் இருப்பது சுருங்கும். உங்கள் கரண்ட் துண்டு வாட்ச்மேனை முந்தியது அப்படித்தான்.

சின்னத் தலைப்புகளை "இதர"வில் சேர்க்கச் சொல்லி யாராவது வருவார்கள். சேர்க்காதீர்கள். பட்டைப் படம் 14ஐத் தாங்கும். இதர பெரிதானால் "இதர என்றால் என்ன?" என்று ஒரு மணி நேரம் போகும், அசோசியேஷன் கூட்டங்களை நானும் பார்த்தவன்தான்.

நோட்டீஸ் போர்டில் ஒட்டுவீர்களா? அப்படியானால் 14 நிறம் வீண். ஜெராக்ஸில் எல்லாம் ஒரே சாம்பல். எல்லாப் பட்டைக்கும் ஒரே நிறம், எண்ணைப் பட்டையின் நுனியிலேயே எழுதுங்கள். லாரிப் படத்தில் டிசம்பர் இடத்தில் 0 என்று எழுத்தாகவே போடுங்கள், தூண் படத்தில் பூஜ்யமும் காலியும் ஒரே மாதிரிதான் தெரியும். தலைப்பில் "தண்ணி லாரி 2024-25" என்று போடாமல் "ஜூனில் 12 லோடு, டிசம்பரில் ஒன்றுமில்லை" என்று போட்டுப் பாருங்கள்.

பிவட்பையன்:

இரண்டு அச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆபீஸில் நாலு வருஷமாக அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். மேனேஜர் எதுவும் கேட்டதில்லை, அதற்கு இதுதான் காரணமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அம்மா, ஒரு சின்ன எச்சரிக்கை. ஃபில்டர் போட்டு வரிகளை மறைத்தால் சார்ட்டிலிருந்தும் அவை மறைந்துவிடும். கூட்டத்துக்கு முன் ஃபில்டர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

பொருளாளர்அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று கூட்டம் முடிந்தது.

71 வரிகளையும் திரும்ப அடித்தேன், முக்கால் மணி நேரம் ஆனது. டிசம்பர் என்று ஃபில்டர் போட்டால் அந்த மாதம் பட்டியலிலேயே இல்லை. பிறகு மறக்காமல் ஃபில்டரை எடுத்தேன்.

இந்தத் தடவை டிவி இல்லை. நான்கு தாள், கறுப்பு வெள்ளை, லிஃப்ட் பக்கத்துப் போர்டில் முந்தின நாளே ஒட்டிவிட்டேன். 14 பட்டைகளில் வாட்ச்மேன் முதலில், தண்ணி லாரி 1,31,700 இரண்டாவது, கரண்ட் மூன்றாவது. லிஃப்டை நிறுத்தச் சொன்னவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் லிஃப்டில் ஏறிப் போனார். கரண்டுக்கு ஆறு தூண்கள், ஜூன் பில் 22,400தான் உயரம். அந்தச் சின்னப் பையன் வந்து, "ஆன்ட்டி, இப்போ எல்லா மாசமும் கரண்ட் இருந்திருக்கு" என்றான். வருஷ ஒப்பீட்டுக்கு, பேரேட்டுக்காரர் சார் சொன்ன மாதிரி, படமே போடவில்லை. இரண்டு எண், கீழே 56,000 என்று ஒரு வரி.

முதல் மாடிக்காரர்தான் லாரிப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஆகஸ்டில் விரலை வைத்து 7, மார்ச்சில் விரலை வைத்து 7 என்று வாய்விட்டு எண்ணினார். எனக்கு மனசுக்குள் ஒரே சந்தோஷம். திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார்: "சரிங்க மேடம், ஒழுகல இல்ல. லோடு 2,100 ஆனது யாரைக் கேட்டு?"

ஜனவரிக் கூட்டத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டுதான் ஏற்றினோம், இவர் உட்பட. கையெழுத்துகூட இருக்கிறது. மினிட்ஸ் நோட்டைத்தான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.